கேட்கப்படாத கேள்வி

ஞாயிறு மாலைகளில் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசும் எங்கள் சிறு குழுவை இந்தப் பக்கத்தின் வழக்கமான வாசகர்கள் அறிவார்கள். ஆறு பேர் கொண்ட குழு. நாவல், சிறுகதை, பழைய உரைகள், அவ்வப்போது ஒரு கல்வெட்டு என்று எழுதி வந்த நாங்கள் இம்முறை இரத்தப் பரிசோதனையைப் பற்றி எழுதுகிறோம். சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். பொறுமையோடு வாசித்தால் இதுவும் சொற்களைப் பற்றிய கட்டுரைதான் என்பது விளங்கும்.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிறொன்றில், பேச்சு முடிந்த பிறகும் நண்பர் ஒருவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். செம்பு நிறத்தில் சிறுசிறு புள்ளிகள். அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. "காலடியிலயும் இருக்கு," என்றார். ஏதேனும் ஒவ்வாமையாக இருக்கும் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவர் மறுத்துத் தலையசைத்தார். அடுத்த கால் மணி நேரத்தில், தரையைப் பார்த்தபடியே, தமக்கு ஆண்கள் மீது ஈர்ப்பு உண்டு என்பதையும், பெண்கள் மீதும் ஈர்ப்பு இல்லாமல் இல்லை என்பதையும், இதுவரை உறவு என்று இருந்ததெல்லாம் ஆண்களோடுதான் என்பதையும் சொல்லி முடித்தார். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தை மாதத்தில் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம்.

அதற்கும் இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஆணுறுப்பில் வலியில்லாத சிறு புண் ஒன்று தோன்றியிருக்கிறது. வீட்டுக்கு அருகிலிருந்த தனியார் மருத்துவர் ஒருவரிடம் போயிருக்கிறார். அங்கே நடந்த உரையாடலை அவர் சொன்னபடியே தருகிறோம்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல டாக்டர்."

"பொம்பள சகவாசம் ஏதாச்சும் உண்டா?"

"இல்ல டாக்டர்."

களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார் மருத்துவர். மூன்று வாரத்தில் புண் ஆறிவிட்டது. களிம்பு வேலை செய்தது என்று நண்பரும் நம்பிவிட்டார். "டாக்டர் கேட்டதுக்கு நான் ஒரு பொய்கூட சொல்லல," என்று அவர் எங்களிடம் இரண்டு முறை சொன்னார்.

உண்மைதான். அவர் பொய் சொல்லவில்லை. மருத்துவரும் தம் அறிவுக்கெட்டியவரை கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். இருவருக்கும் இடையே கேட்கப்படாமல் போன ஒரு கேள்வியின் வழியே நோய் உள்ளே சென்று தங்கிவிட்டது. அந்தக் கேள்வியைப் பற்றியே இக்கட்டுரை. நண்பரின் இசைவோடு எழுதுகிறோம். அவர் இதைப் படித்து இரண்டு இடங்களைத் திருத்தியும் கொடுத்தார். பெயரும் ஊரும் மருத்துவமனையும் வேண்டா என்றார், விட்டுவிட்டோம்.

*

மறுநாள் திங்கட்கிழமை எங்களில் இருவர் அவரோடு அரசு மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். ஓ.பி. சீட்டு வாங்கி, 'நம்பிக்கை மையம்' என்ற பலகையைத் தேடி, மாடிப்படிக்குப் பின்புறம் இருந்த அறையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் இடத்துக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் இது. அங்கே கட்டணம் இல்லை.

ஆலோசகராக இருந்த அம்மையாருக்கு ஐம்பது வயதிருக்கும். கதவைச் சாத்திவிட்டு, பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வயது, தொழில் என்று வரிசையாகக் கேட்டவர், அதே குரலில், அதே வேகத்தில், "உறவு யாரோட தம்பி? பொண்ணுங்களோடவா, ஆம்பளைங்களோடவா, ரெண்டு பேரோடயுமா?" என்று கேட்டாராம். நண்பர் விடை சொன்னார். அடுத்த கேள்விகள் தாமாகவே வந்தன: வாய்வழியா, ஆசனவாய் வழியா, ஆணுறை உண்டா, கடைசியாக எப்போது, முன்பு புண் ஏதேனும் வந்ததா? உள்ளங்கையைப் பார்த்தவுடன், எச்.ஐ.வி. பரிசோதனையோடு நிற்காமல், அதே கட்டடத்தில் இருந்த பால்வினை நோய்ப் பிரிவுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முடிவுகள் வந்தன. எச்.ஐ.வி. இல்லை, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். வி.டி.ஆர்.எல். என்னும் சிபிலிஸ் பரிசோதனை ரியாக்டிவ், அளவு 1:64. பெனிசிலின் ஒவ்வாமை உண்டா என்று முதலில் சிறு ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, 24 இலட்சம் அலகு பென்சத்தீன் பெனிசிலினை இரு புட்டங்களிலும் பிரித்துப் போட்டார்கள். வலி கடுமை, இரண்டு நாள் நொண்டி நடந்தார். சிகிச்சை அவ்வளவே.

இரு அறைகளிலும் இருந்தவர்கள் படித்தவர்கள், நல்லவர்கள். வேறுபாடு ஒரு கேள்வியின் வடிவத்தில் மட்டுமே இருந்தது. முதல் கேள்வி, இருக்கக்கூடிய விடைகளில் பாதியை மறைத்துவிட்டு மீதியைக் கேட்டது. இரண்டாம் கேள்வி எல்லா விடைகளையும் மேசைமேல் வைத்து, ஒன்றை எடுத்துக்கொள் என்றது. "அந்தம்மா முகம் மாறவே இல்ல," என்று வெளியே வந்ததும் நண்பர் சொன்னார்.

*

இந்தக் கேள்வி ஏன் இத்தனை இன்றியமையாதது? நாகரிகம் கருதி மட்டுமன்று. மருத்துவக் காரணங்கள் இருக்கின்றன.

சிபிலிஸ் புண் வலிக்காது. மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் தானே ஆறிவிடும். களிம்பு தடவினாலும் ஆறும், தடவாவிட்டாலும் ஆறும். ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுக்கு அப்புண் ஆசனவாய்க்கு உள்ளேயோ வாயினுள்ளோ வந்தால் கண்ணுக்கே தெரியாது. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் வரும், அவையும் போய்விடும். அதன்பின் நோய் பல ஆண்டுகள் அமைதியாகக் கிடந்து, இதயத்தையும் மூளையையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். கருவுற்ற பெண்ணுக்கு இருந்தால் குழந்தைக்கும் செல்லும். எங்கள் நண்பருக்குத் தை மாதத்தில் நிச்சயம் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். அவருடைய இரகசியம் என்று நாம் எதை ஒதுக்கிவிட நினைக்கிறோமோ அதில், அவரை இன்னும் பார்த்திராத ஒரு பெண்ணின் உடல்நலமும் அடங்கியிருந்தது.

கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றின் கதை வேறு. இவை சிறுநீர்க் குழாயில் வந்தால் எரிச்சலோ சீழோ காட்டிக்கொடுக்கலாம். தொண்டையிலும் ஆசனவாயிலும் வந்தால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. சிறுநீரை மட்டும் சோதித்தால் அங்கே இருப்பவை அகப்படா. அந்தந்த இடத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். எங்கே தடவுவது என்பதை எப்படி உறவு கொண்டோம் என்பதே தீர்மானிக்கிறது. ஆக, மருத்துவர் கேட்காமலும் நோயாளி சொல்லாமலும் சரியான பரிசோதனை என்ற ஒன்றே இல்லை. 'எல்லா டெஸ்டும் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல்' என்று நிம்மதியாக இருப்பவர், தவறான இடத்தில் எடுத்த பரிசோதனையின் நிம்மதியில் இருக்கக்கூடும்.

எச்.ஐ.வி.யைப் பற்றி ஓர் எண். 2021-ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீடுகளின்படி இந்திய வயது வந்தோரில் சுமார் 0.2 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. உண்டு. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே அவ்வாண்டுக் கண்காணிப்பில் தெரிந்தது 3 விழுக்காட்டுக்கும் மேல். ஏறத்தாழப் பதினைந்து மடங்கு. ஆசனவாய்ச் சவ்வு மெல்லியது. கிருமி எளிதாகக் கடக்கும் என்பது இதற்கு உடற்கூற்றுக் காரணம். மற்றொரு காரணம் உடலில் இல்லை, ஊரில் இருக்கிறது. மறைந்து வாழ்பவர்கள் மறைந்தே நோயுறுகிறார்கள்.

*

சொற்களுக்கு வருவோம். இது எங்கள் துறை.

சிபிலிஸுக்குத் தமிழில் 'பறங்கிப்புண்' என்று பெயர். போர்ச்சுகீசியரோடு வந்த நோய் என்பதால் இப்பெயர். அதற்கு மருந்தாகக் கொண்ட வேர் 'பறங்கிப்பட்டை' ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் 'பாவப்பிரகாசம்' என்ற வடமொழி மருத்துவ நூலும் இதைப் 'பிரங்க ரோகம்' என்றே வழங்குகிறது. ஐரோப்பாவிலோ இதை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். எவர் வாயில் புகுந்தாலும் இந்நோய் இன்னொருவருடைய ஊர்ப் பெயரையே சூடிக்கொண்டது. நோயைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்வது மனித குலத்தின் பொதுப் பழக்கம் போலும்.

நம் ஊர்ப் பேச்சுவழக்கில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு சொல் இருக்கிறது. வயதில் மூத்தவர்கள் அனைவரும் கேட்டிருப்பார்கள்: 'பொம்பளைச் சீக்கு'. இந்த ஒரு சொல் செய்திருக்கும் தீங்கை அளவிட முடியாது. ஆணிடமிருந்து மனைவிக்கு வரும் நோயையும் பெண்ணின் பெயரால் அழைத்தது அதன் முதல் அநீதி. அதைப் பெண்ணியம் பேசுவோர் சுட்டியிருக்கிறார்கள். இரண்டாம் தீங்கை நாங்கள் இப்போதுதான் உணர்ந்தோம். பொம்பளைச் சீக்கு பொம்பளையிடமிருந்துதானே வரும்? ஆணோடு மட்டும் பழகுகிறவனுக்கு அது எப்படி வரும்? எங்கள் நண்பர், பட்டப்படிப்பு படித்தவர், இருபத்தைந்து வயது வரை ஏறத்தாழ இப்படித்தான் நம்பியிருக்கிறார். 'பெண்களிடம் போகாதவரை பாதுகாப்பு' என்ற இந்த எண்ணம் அவர் ஒருவருடையது மட்டுமன்று. களப்பணியாளர்கள் பலகாலமாக எதிர்கொண்டு வரும் ஒன்று. முதல் மருத்துவரின் கேள்வியும் அதே சொல்லிலிருந்து பிறந்ததுதான் என்பதைக் கவனியுங்கள்.

2000-களின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சுவரெங்கும் 'புள்ளிராஜா' வந்ததை நினைவுகூர்வோம். அவருக்கு எய்ட்ஸ் வருமா என்று பட்டிதொட்டியெல்லாம் பேசிச் சிரித்தது. பேசாப் பொருளைத் தெருவுக்குக் கொண்டுவந்த விதத்தில் அது பெரிய காரியம்; மறுக்கவில்லை. ஆனால் புள்ளிராஜா பெண்களிடம் போகிறவர். அவரைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில், 'இது நம் கதையன்று' என்று ஆறுதலடைந்து நகர்ந்த இளைஞர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ!

இதற்கு எதிர்மறையாக அலுவலக மொழி ஒன்றும் உண்டு. 'எம்.எஸ்.எம்.', 'உயர் ஆபத்துக் குழு' என்பன அதன் சொற்கள். திட்டம் தீட்டவும் பணம் ஒதுக்கவும் இவை தேவைதான். ஆனால் தன்னை எந்தக் குழுவிலும் சேர்த்துக்கொள்ளாத மனிதன் இந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை. மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டு மாதத்துக்கொரு முறை ஆணைச் சந்திப்பவர், கணினித் துறையில் வேலை பார்த்துக்கொண்டு கைப்பேசி வழியே நட்புகளைத் தேடிக்கொள்பவர், இவர்கள் தங்களை எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்வதில்லை. 'தன்பாலீர்ப்பு', 'இருபாலீர்ப்பு' முதலிய நல்ல தமிழ்ச் சொற்கள் இன்று வழக்கில் இருக்கின்றன. அவை பரவட்டும். ஆனால் பரிசோதனை அறையில் பெயர்ச்சொல் தேவையில்லை. 'நீங்கள் யார்?' என்று கேட்க வேண்டியதில்லை, 'என்ன நடந்தது?' என்று கேட்டால் போதும். அந்த ஆலோசகர் அம்மையார் செய்தது அதைத்தான்.

*

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில் என்பதைப் பலரும் அறிவர். 1986-ஆம் ஆண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மாணவி நிர்மலா செல்லப்பன் இரத்த மாதிரிகள் சேகரித்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் கிருமிக்கான எதிர்ப்பொருள் தெரிந்தது. சோதிக்கத் திட்டமிட்டிருந்தவர்களின் பட்டியலில் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் இருந்தனர். அவர்களை எங்கே போய்த் தேடுவது? முகவரி இல்லை. அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழில் செய்த பெண்களுக்கோ முகவரி இருந்தது. எனவே அவர்களுடைய இரத்தமே எடுக்கப்பட்டது. நாட்டு மக்கள் மனத்தில் பதிந்த முதல் படமும் அதுவாயிற்று.

ஆண்களுக்கு முகவரி இல்லாமற்போனதற்குச் சட்டமும் காரணம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு 1862 முதல் நடைமுறையில் இருந்தது. மருத்துவரிடம் உண்மை சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமமாக இருந்த காலம் அது. அப்பிரிவை எதிர்த்து நடந்த வழக்குகளின் தொடக்கமே நோய்த் தடுப்பிலிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1994-இல் தில்லி திகார் சிறையில் ஆணுறை வழங்க வேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்கு முதலாவது. எச்.ஐ.வி. பணியில் இருந்த நாஸ் அறக்கட்டளை, இந்தச் சட்டம் மக்களை மறைவுக்குத் தள்ளி மருத்துவத்தைத் தடுக்கிறது என்று 2001-இல் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது அடுத்தது. 2009-இல் வென்றது, 2013-இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றது, 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது.

அதே மாதம் 10-ஆம் நாள் மற்றொரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம். இதன்படி, அறிந்து அளித்த இசைவு இல்லாமல் எவரையும் எச்.ஐ.வி.க்குச் சோதிக்கக் கூடாது. சட்டம் சொல்லும் சில விலக்குகள் நீங்கலாக முடிவை வெளியிடக் கூடாது. நோயின் பெயரால் வேலை, கல்வி, சிகிச்சை, வாடகை வீடு எதையும் மறுக்கக் கூடாது.

ஆகவே இன்று நம் நண்பர்களைத் தடுப்பது சட்டமன்று. தடுப்பது என்ன? பக்கத்து வீட்டுக்காரர் அதே மருத்துவமனையில் வேலை பார்ப்பார், ஓ.பி. வரிசையில் சித்தப்பா நிற்பார். சிறு ஊர்களில் இந்த அச்சம் உண்மையானது. 'அஞ்சாதீர்கள்' என்று எழுதிவிட்டுப் போவது எங்களுக்கு எளிது. ஊரில் வாழ வேண்டியவர் அவர். அப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான்: வேறு ஊருக்குப் பேருந்து ஏறுங்கள். இரத்தக் குழாய்மேல் ஒட்டப்படுவது ஓர் எண் மட்டுமே என்பதை எங்கள் கண்ணால் பார்த்தோம். 1097 என்ற கட்டணமில்லா உதவி எண்ணில் பேசி அருகிலுள்ள மையத்தை அறியலாம். சென்னையில் 1998-இல் தொடங்கப்பட்ட 'சகோதரன்' போன்ற, இம்மக்களே நடத்தும் அமைப்புகளும் உண்டு. அங்கே எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வழியை மட்டும் கைக்கொள்ள வேண்டா. இரத்த தானம் செய்தால் இலவசமாகச் சோதித்துவிடுவார்கள், யாருக்கும் தெரியாது என்று சிலர் எண்ணுகிறார்கள். தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாத இடைக்காலம் ஒன்று உண்டு; அந்நாளில் கொடுத்த இரத்தம் அறியாத ஒருவரின் உடலில் ஏறிவிடக்கூடும்.

*

வாசகர்களுள் இதைத் தமக்காகவே வாசிப்போர் சிலர் இருப்பர். அவர்களுக்காகச் சில செய்திகள்.

விரல் நுனி இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்க்கும் விரைவுப் பரிசோதனையை முழுவதும் நம்ப, கடைசி உறவிலிருந்து 90 நாள் ஆக வேண்டும். கிருமிப் பொருளையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை ஆய்வகப் பரிசோதனைக்கு 45 நாள். ஒரு விரைவுப் பரிசோதனை மட்டும் ரியாக்டிவ் என்று வந்தால் அது முடிவான தீர்ப்பன்று. நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு முறைகளில் மும்முறை பார்த்தே உறுதி செய்வார்கள்.

எச்.ஐ.வி.யோடு சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகியவற்றையும் கேட்டுப் பெறுங்கள். பி வகை இல்லை என்று தெரிந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் மூன்று ஊசி. ஒன்றுக்கு மேற்பட்டவரோடு உறவு உள்ளவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்துக்கொள்வது நல்லது. ஆபத்தான உறவு நேர்ந்துவிட்டதாக அஞ்சினால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கண்டு தொடங்கும் 28 நாள் மருந்து எச்.ஐ.வி.யைத் தடுக்கக்கூடும். முன்கூட்டியே உட்கொள்ளும் தடுப்பு மாத்திரையும் உண்டு, எச்.ஐ.வி. இல்லை என்று உறுதிசெய்த பின், மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டும்.

முடிவு தெரிந்துவிட்டால் வாழ்வு முடிந்தது என்ற அச்சம்தான் பலரை வாசற்படியில் நிறுத்துகிறது. 1990-களில் அந்த அச்சத்துக்குப் பொருள் இருந்தது. 2017 முதல் இந்தியாவில் எச்.ஐ.வி. உறுதியானவர் எவருக்கும், நோய் முற்றக் காத்திராமல், உடனே இலவச மருந்து தரப்படுகிறது. நாள்தோறும் மாத்திரை. கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால் உறவின் வழியே பிறருக்குத் தொற்றாது. 2019-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த ஆய்வு, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் இணைகளைத் தொடர்ந்து கவனித்தது. ஆணுறையின்றி ஏறத்தாழ 76,000 முறை உறவு. சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவரும் இல்லை.

அரசிடம் ஒரு குறையும் சொல்ல வேண்டும். நம் பால்வினை நோய்ப் பிரிவுகள் பெரும்பாலும் அறிகுறியைப் பார்த்து மருந்துப் பொட்டலம் தரும் முறையில் இயங்குகின்றன. ஆய்வகம் இல்லாத இடங்களில் அன்றைக்கே சிகிச்சை தர ஏற்பட்ட முறை. அதன் பயன் பெரிது. ஆனால் அறிகுறியே இல்லாத தொண்டை, ஆசனவாய்த் தொற்றுகள் இந்த வலையில் விழா. தனியார் ஆய்வகங்களில் அந்தப் பரிசோதனைகளுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். பால்வினை நோயியலுக்கென்றே தனி நிலையம் கொண்ட மருத்துவக் கல்லூரி உடைய சென்னையைத் தலைநகராகக் கொண்ட நம் மாநிலம், மாவட்டத்துக்கு ஓர் இடத்திலேனும் இவற்றை இலவசமாகச் செய்யலாம். அதற்கும் முன்னதாகச் செலவே இல்லாத ஒன்றைச் செய்யலாம்: மருத்துவ மாணவர்களுக்கு அந்த ஆலோசகர் அம்மையாரின் கேள்வியைச் சொல்லிக் கொடுக்கலாம்.

*

இனி எங்கள் குறை.

ஆறு ஆண்டுகளாக வாரந்தோறும் சந்தித்தவர்கள் நாங்கள். மனித மனத்தின் ஆழங்களைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். அந்த ஆறு ஆண்டுகளில் அவரிடம் நாங்கள் கேட்டதெல்லாம் "எப்போ கல்யாணச் சாப்பாடு?" என்பதுதான். முதல் மருத்துவர் கேட்டதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? திரைப்படத்தில் பெண்மைச் சாயல் கொண்ட ஆணைக் கேலி செய்யும் காட்சியைச் சொல்லி நாங்கள் சிரித்த மாலைகளில் அவரும் எங்களோடு சிரித்திருக்கிறார். அவர் எங்களிடம் முன்பே சொல்லாததற்கு அவரை நோக யாருக்கு உரிமை இருக்கிறது?

மற்றொன்றும் உண்டு. அன்று நம்பிக்கை மையத்தில், துணைக்குப் போன எங்கள் இருவரையும் பார்த்து அந்த அம்மையார், "நீங்க ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ணிக்கலையா?" என்று கேட்டார். "எங்களுக்கு எதுக்கு மேடம்?" என்றோம், இருவரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரை அழைத்தார். நண்பர் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தார். பேருந்தில் திரும்பி வரும்போதுதான் எங்கள் விடையின் பொருள் எங்களுக்கே உறைத்தது.

கார்த்திகையில் அவர் எச்.ஐ.வி. மறுபரிசோதனைக்குப் போனபோது ஐந்து பேரும் உடன் போய் ஆறு சீட்டு வாங்கினோம். எங்களில் இருவர் மணமானவர்கள். ஒருவர் ஐம்பதைக் கடந்தவர். நடைபாதைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் யாரும் இலக்கியம் பேசவில்லை. ஆலோசகர் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். ஒவ்வொருவரும் விடை சொன்னோம். விடைகள் எவை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

நண்பருக்கு எச்.ஐ.வி. இல்லை. மாசி மாதத்தில் எடுத்த வி.டி.ஆர்.எல். 1:8-க்கு இறங்கியிருந்தது, சிகிச்சை பலித்திருக்கிறது என்றார் மருத்துவர். மற்றொரு வகைச் சிபிலிஸ் பரிசோதனை வாழ்நாள் முழுவதும் ரியாக்டிவ் என்றே காட்டலாம், அதைக் கண்டு அஞ்ச வேண்டா, பழைய சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். தை மாத நிச்சயம் நடக்கவில்லை. "இப்ப வேணாம்மா," என்று மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறார். காரணத்தை எப்போது, எப்படிச் சொல்வது என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. அதற்கு எங்களிடமும் ஆயத்தமான சொற்கள் இல்லை. அந்தச் சீட்டுகளை எங்கே வைப்பது என்று யோசித்து, கடைசியில் எங்கள் கூட்டம் நடக்கும் வீட்டுப் புத்தக அலமாரியில், அகராதி வரிசைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அடுத்த பரிசோதனைக்குரிய தேதி அவற்றின் மேல் எழுதியிருக்கிறது.